காட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டவன்

இந்த மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காடு என்றால் என்னவென்று தெரியாது. மீதிப் பேர் தெரிந்த மாதிரி நடப்பார்கள், அவர்கள் இன்னும் மோசம். முப்பத்தொரு வருஷமாக இங்கே பிரிஞ்சாங் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்தால் இந்த இரண்டு ரகமும்தான் வந்து உட்காரும். ஒருத்தர் ரப்பர் செருப்போடு மலை ஏறக் கிளம்புவார். இன்னொருத்தர் எட்டுப் பை வைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு போய், பாசியைப் பிய்த்து டப்பாவில் அடைத்து, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கக் கொண்டுபோவார். என் பெயர் சேக் தாவூத். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி லத்தீஃபா சொல்வாள். வரட்டும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, மணியத்தைப் பற்றி.

மணியம் பதினான்கு வருஷம் காட்டு வழிகாட்டியாக இருந்தவன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தான். அப்பா தேயிலை ஆலையில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் தோட்டத்தில் மருந்தடித்தான். ஆறு வருஷம் முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்தது போதும் என்று, சுற்றுப்பயணிகளை மலைக்கு ஏற்றிப்போகும் லேண்ட்ரோவர் ஓட்டினான். அப்புறம் வழிகாட்டி அட்டைக்கு மலாய் மொழியில் பரீட்சை எழுதினான். முதல் தடவை கோட்டை விட்டான், இரண்டாம் தடவை தேறினான். அந்த அட்டையை முதலில் என் கடைக்குத்தான் கொண்டுவந்து காட்டினான். அவன் மனைவி பரமேஸ்வரி அதற்காக அவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்து ஏசினாள்.

அவனுக்கும் எனக்கும் முதல் சண்டை பிளாஸ்டிக்கால் வந்தது. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது ஒரு சாக்கைக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் கொட்டினான். எல்லாம் நாசி லெமாக் சோறு கட்டின பிளாஸ்டிக் தாள்.

"எல்லாம் உங்க கடைதுதான் பாய். செவப்பு ரப்பர் நீங்க மட்டுந்தான் போடுறீங்க."

"தின்னுட்டுப் போட்டவன்கிட்ட போய்க் கேளு. எங்கிட்ட என்ன கேக்குற?"

"அவன் கோலாலம்பூர் போயிட்டான். நீங்கதான் இங்க இருக்கீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அன்றைக்கே கடையை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சந்தையில் பொட்டலம் கட்ட வாழையிலை வாங்கிவந்தேன். லத்தீஃபா பார்த்துச் சிரித்தாள், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மலை உச்சியில் இருக்கும் பாசிக்காடுதான் அவன் ஆட்களைக் கூட்டிப்போகிற இடம். எப்போதும் பனிமூட்டம் இருக்கும். மரம், வேர், கல் எல்லாவற்றிலும் பாசி கெட்டியாக மூடியிருக்கும். பாதுகாக்கப்பட்ட காடு, அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக்கூடாது. மணியம் ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டான். கிளம்புவதற்கு முன்னால் என் கடை வாசலில் நிற்கவைத்துச் சட்டம் படிப்பான். பாதையை விட்டு ஒரு அடி இறங்கக்கூடாது, பாசியை மிதித்தால் திரும்ப முளைக்க வருஷக்கணக்காகும். எதையும் பறிக்கக்கூடாது. உங்கள் குப்பை உங்கள் பையில். சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது. எல்லாரும் பெரிதாகத் தலையாட்டுவார்கள். இரண்டாவது வளைவில் மிட்டாய்த் தாள் கிடக்கும்.

கடைசியாக ஒரு சட்டம் சொல்வான், அது எந்த அரசாங்கத் தாளிலும் கிடையாது. காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. காட்டிலிருந்து உங்கள் பேரைச் சொல்லி ஏதாவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது, பதில் குரல் கொடுக்கக்கூடாது. இது தோட்டத்து வழக்கம். காட்டை ஒட்டின தேயிலை நிரைகளில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இன்றைக்கும் ஒருத்தியை ஒருத்தி "ஓய்" என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் காட்டுக்குத் தெரிந்துவிட்டால் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பார்கள்.

"நீ நம்புறியாடா இத?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நம்புறனோ இல்லியோ பாய், இதச் சொன்னாத்தான் வாய மூடிக்கிட்டு ஒட்டி நடக்குறாங்க லா. பெர்மிட்டு, சட்டம்னு சொன்னா சிரிக்கிறாங்க."

அது உண்மைதான். பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள்கூட அந்த ஒரு சட்டத்துக்கு அடங்கினார்கள். காட்டுக்குள் போய்விட்டால் டாக்டர், டீச்சர், தம்பி, நீலச்சட்டை அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிரிந்துபோனால் ஊத ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டிவிடுவான். பாசிக்காட்டில் கூச்சலும் குறைந்தது, குப்பையும் குறைந்தது. அவனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. பொட்டலத்துக்குக் காத்திருக்கும் ஆட்களிடம் நான் ஒரு கதை அவிழ்த்துவிட்டேன். பக்கத்து ஊர் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டின ஒருவன் ஆர்க்கிட் பறிக்கக் காட்டுக்குள் போனானாம், அவன் மனைவி குரலிலேயே பேர் சொல்லிக் கூப்பிட்டதாம், பதில் சொன்னானாம், அப்புறம் அவன் சட்டை மட்டும்தான் கிடைத்ததாம். சுத்தப் புளுகு. உப்பும் காரமும் போட்டுச் சொல்லச் சொல்ல எனக்கே ருசித்தது. ஒரு நாள் ஈப்போக்காரர் ஒருவர் அதே கதையைத் தன் மாமாவின் கூட்டாளிக்கு நடந்ததாக என்னிடமே சொன்னார்.

லோகேஸ்வரி டீச்சர் அந்தக் கதையைக் கேட்டது என் கடையில்தான். கிள்ளான் பட்டணத்துக்காரர், இங்கே தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த கணக்கு டீச்சர். முப்பத்தெட்டு வயது இருக்கும். வந்த புதிதில் குளிருக்கு அழாத குறை. மூன்றாம் மாதமே மணியத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பெரிய பையோடு வந்து நிற்பார். பை அவர் சாமானுக்கு இல்லை, மற்றவர்கள் போட்ட குப்பையைப் பொறுக்க. இப்படி ஒரு ஒழுங்கான ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று மணியம் சொல்வான். இங்கே கால் வை என்றால் அங்கேதான் வைப்பாராம்.

"அந்த லோரிக்காரன் கத நெஜமா பாய்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஆளு டீச்சர். பதில் சொன்னான், அவ்ளோதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன வருஷம் நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை மணியம் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனான். டீச்சர் எப்போதும் போல் கடைசி ஆளாக நடந்தார். இறங்கி வரும்போது பனி இறங்கிவிட்டது. வளைவுக்கு வளைவு நின்று தலையை எண்ணுவது அவன் வழக்கம். ஒரு வளைவில் ஏழுதான் இருந்தது.

என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. பாதைக்குக் கீழே, யாரோ போட்டுவிட்டுப் போன குளிர்பான போத்தல் ஒன்று வேர்களுக்கு நடுவே கிடந்திருக்கிறது. டீச்சர் அதை எடுக்க இறங்கியிருக்கிறார். ஒன்றரை வருஷத்தில் அவர் பாதையை விட்டு இறங்கியது அந்த ஒரு தடவைதான். தரை என்று நினைத்துக் கால் வைத்தது தரையில்லை, வேர்ப்பின்னலின் மேல் படர்ந்த பாசி. உள்ளே விழுந்து, பள்ளத்தில் சறுக்கி, தலை கல்லில் அடிபட்டு மயங்கிப்போனார். விசில் கயிறு அறுந்து எங்கோ போய்விட்டது. வலது கால் இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கி எலும்பு வெளியே வந்துவிட்டது.

மணியம் மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டுத் திரும்ப ஏறினான். மத்தியானம் முழுக்க விசில் ஊதினான், "டீச்சர், டீச்சர்" என்று தொண்டை வற்றக் கத்தினான். மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காட்டில் சத்தம் போகும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பொம்பாக்காரர்கள், அதுதான் மீட்புப் படையினர், வந்து சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. எனக்குச் செய்தி வந்ததும் ஒரு பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு கார் போகிற கடைசி இடம் வரைக்கும் போனேன். மேலே மணியத்தின் குரல் கேட்டது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் காட்டுக்குள் நின்று ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"லோகேஸ்வரி... லோகேஸ்வரி..."

அவன் வழக்கத்தை விட்டுவிட்டான் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. நான் மடையன்.

மறுநாள் நாற்பது பேர் தேடினார்கள். பொம்பாக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டார்கள். தோட்டத்திலிருந்து, மணியத்தோடு முன்பு மருந்தடித்த முனியாண்டியும் இன்னும் பத்துப் பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள், அவர்களும் கூப்பிட்டார்கள். மணியம் சாப்பிடவில்லை. நான் வாயில் ஊட்டாத குறையாக ஒரு ரொட்டியைக் கையில் திணித்தேன், அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஒரு பதிலும் இல்லை. பதில் இல்லாத பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில்தான் டீச்சர் கிடைத்தார். கூப்பிட்டுத் தேடின யாருக்கும் கிடைக்கவில்லை. தேடும் கூட்டத்தில் வாயே திறக்காமல் நடந்த, இந்த மலையின் பூர்வகுடியான ஓராங் அஸ்லி ஆள் ஒருவர் பள்ளத்தில் மழைச்சட்டையின் ஓரத்தைப் பார்த்துவிட்டார். பாதையிலிருந்து எழுபது தப்படி தூரம்கூட இல்லை. உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. காய்ச்சல் கொதித்தது. வலது காலை ஈப்போ ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் தாமதம்தான் காரணம் என்றார்கள்.

அன்று மத்தியானம் பொம்பா அதிகாரி என் கடையில் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். நல்ல மனிதர், களைத்துப்போயிருந்தார். எழுபது தப்படி தூரத்தில், நினைவோடு, நாக்கும் தொண்டையும் நன்றாக இருந்த ஓர் ஆள், நாற்பது பேர் பேர் சொல்லிக் கூப்பிட்டும் ஏன் ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை என்பது மட்டும் தனக்கு விளங்கவில்லை என்றார்.

எதிரே மணியம் தேத்தண்ணீர்க் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். என்னைப் பார்த்தான். எனக்கு லோரிக்காரன் கதை ஞாபகம் வந்தது. அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் காட்டுக்குப் போகவில்லை. அவன் மேல் தப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அட்டையும் செல்லும். கூட்டம் கூட்டமாக ஆட்கள் தேடி வந்தார்கள், யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. பக்கத்து ஊரான கியா பார்மில் பரமேஸ்வரி வேலை செய்யும் ஸ்ட்ராபெரி தோட்டத்துக்குப் பக்கத்துக் கடையில் முட்டைக்கோஸ் பெட்டி இறக்குகிறான். பாசிக்காட்டுக்கு இப்போது வேறு யாரோ கூட்டிப்போகிறார்கள். ஒரு வண்டிக்கு முப்பது பேர். போன மாதம் பாதை ஓரத்தில் குழந்தையின் டயப்பர் கிடந்ததாம். நான் போய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்படியா பாய்" என்றான். என்னைப் பிளாஸ்டிக்குக்காக நாறடித்த மணியமா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய முடியும், அவனை உலுக்கிக் காட்டுக்குள் தள்ளவா முடியும்?

டீச்சரைப் பார்க்க ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தான்.

"சொல்லிட வேண்டியதுதானேடா," என்றேன்.

"எப்படி பாய் சொல்றது? கூப்பிட்டது நாந்தான், நீங்க வாயத் தொறந்திருந்தா கால் இருந்திருக்கும்னு சொல்லவா? அந்தப் புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு பாய்."

"முழிச்சதும் சொல்லு."

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

பேர் சொல்லக்கூடாது என்று அவன் சொன்னது கூச்சலை அடக்க ஒரு வழக்கம். அதற்குப் பல்லும் நகமும் வைத்தவன் நான். லோரிக்காரன் கதை புளுகு என்று ஒரு போன் அடித்துச் சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகும்? ஏழு மாதத்தில் அந்த ஒரு போன் அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தொழுகையில் உட்கார்ந்தால்கூட அதுதான் முன்னால் வந்து நின்றது.

ஜூன் மாதம் பள்ளி விடுமுறையில் ஒரு கார் என் கடைக்கு முன்னால் வந்து நின்றது. டீச்சரின் தம்பி சிவனேஸ்வரன் கதவைத் திறந்து ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் இறங்கினார். செயற்கைக் கால் பொருத்தியிருந்தார்கள். இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. தம்பி கார் நிறுத்த இடம் தேடிப் போனார்.

"பாய், நல்லாருக்கீங்களா? மணியம் அண்ணனக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா? அவரப் பாக்கத்தான் வந்தேன்."

நான் போன் அடித்தேன். அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். டீச்சரைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான். நான்தான் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"ஆஸ்பத்திரில ரெண்டு தடவ வந்து பாத்தீங்களாம். அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. நேர்ல வந்து உங்களுக்கு நன்றி சொல்லணும்னு அப்பவே நெனச்சேன் அண்ணே," என்றார் டீச்சர்.

"எனக்கு எதுக்கு டீச்சர்..."

"நான் உசுரோட இருக்கறதே உங்களாலதான்." அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இத யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்னு சொல்லுவாங்க. நீங்களும் பாயும்தான் நம்புவீங்க. நான் முழிச்சுப் பாக்குறேன், இருட்டிக்கிட்டு வருது. கால அசைக்க முடியல. மேலருந்து என் பேரச் சொல்லிக் கூப்பிடுது. உங்க கொரலு. அச்சு அசலா உங்க கொரலு."

மணியம் அசையவில்லை.

"பதில் சொல்ல வாயத் தொறந்துட்டேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அண்ணன் என்னிக்கு என் பேரச் சொல்லிருக்காரு? டீச்சர்னுதானே கூப்பிடுவாரு. காட்டுக்குள்ள அவரு பேரே சொல்ல மாட்டாரே. கையக் கடிச்சுக்கிட்டேன்." அவர் இடது கையைக் காட்டினார். கட்டை விரலுக்குக் கீழே பல் பட்ட தழும்பு இருந்தது. "மறுநாளு ஒரு கூட்டமே கூப்பிட்டுச்சு. மைக் வச்ச மாதிரி, நாலா பக்கமும். அழுகையா வருது. ஆனா ஒரு சத்தம் காட்டல அண்ணே. கடைசி வரைக்கும் ஒரு சத்தம் காட்டல."

கஷ்டமான பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளை மாதிரி அவர் முகம் இருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

"டீச்சர்," என்றான் மணியம். கனைத்துக்கொண்டு திரும்பச் சொன்னான். "டீச்சர், அது நாந்தான்."

"என்ன அண்ணே?"

"கூப்பிட்டது நாந்தான். மத்தியானம் பூரா டீச்சர், டீச்சர்னுதான் கத்துனேன். உங்களுக்குக் கேக்கல. பொழுது எறங்குனதும் எனக்குப் பயம் வந்துருச்சு. பேரச் சொல்லிட்டேன். மறுநாளு வந்தது பொம்பாக்காரங்க. தோட்டத்து ஆளுங்க. எல்லாம் உங்களத் தேடி வந்தவங்க டீச்சர்."

டீச்சரின் சிரிப்பு உடனே போகவில்லை, முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. தன் வலது காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சேலைக்குள் இருக்கும் அந்தப் பொருளைக் கையால் ஒரு தடவை தடவினார். பிறகு வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் சொல்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார்.

"இல்ல அண்ணே. அது நீங்க இல்ல."

"டீச்சர், சத்தியமா..."

"நீங்க இல்ல. நீங்களா இருந்தா நான் எதுக்கு அண்ணே இந்தக் காலக் குடுத்தேன்?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அவர் உதடு நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

"பாய், நீங்க சொல்லுங்க. அன்னிக்கு நீங்களும் அங்க வந்தீங்களாமே. இவரா கூப்பிட்டாரு?"

வாழ்நாள் முழுக்க வாய்ச் சவடாலில் பிழைத்தவன் நான். உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எந்த மனுஷனாலும் முடியாது, என்னால் முடியவில்லை.

"இல்ல டீச்சர்," என்றேன். "மணியம் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்ல."

டீச்சர் மணியத்தைப் பார்த்தார். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினான்.

"ஆமா டீச்சர். நான் இல்ல."

"அதானே," என்றார் டீச்சர். மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.